தலைப்பில் இல்லாத கிராமர்

கேள்வி: 'கிராமர் வெர்சஸ் கிராமர்' (1979) படத்தில் கடைசியில் ஜெயிப்பது அப்பாவா, அம்மாவா?

பதில்: தலைப்பில் மோதிக்கொள்வது இரண்டு கிராமர்கள். நடுவில் மாட்டிக்கொண்ட மூன்றாவது கிராமர், சிறுவன் பில்லி, அந்தத் தலைப்பிலேயே இல்லை பாருங்கள்! பிரிந்துபோன பெற்றோரில் பையன் யாரிடம் வளர்வது என்ற வழக்கில், நியூயார்க் கோர்ட் அம்மா பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. அப்பீல் போனால் பையனைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்கிறார் வக்கீல். அப்பா டஸ்டின் ஹாஃப்மன் மறுத்துவிடுகிறார். கூட்டிப்போக வந்த அம்மா மெரில் ஸ்ட்ரீப்போ மனம் மாறி, பையனை அங்கேயே விட்டுவிடுகிறார். அப்புறம் யாருக்குத்தான் வெற்றி?

என் ஓட்டு பிரெஞ்சு டோஸ்டுக்கு. மனைவி வீட்டைவிட்டுப் போன மறுநாள் காலை அதைச் செய்யப்போய்ச் சமையலறையை ரணகளமாக்கும் அதே அப்பா, கடைசியில் மகனோடு சேர்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், கச்சிதமாகச் செய்கிறார். பிள்ளை வளர்க்கத் தகுதி உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் ஏது? கோர்ட்டில் அடுப்பு வைக்க இடமில்லாததுதான் குறை.

படத்துக்கு 5 ஆஸ்கர். அதில் ஹாஃப்மனுக்கு ஒன்று, ஸ்ட்ரீப்புக்கு ஒன்று. பில்லியாக நடித்த ஜஸ்டின் ஹென்றி 8 வயதிலேயே துணை நடிகருக்கான போட்டியில் இருந்தான். பரிசைத் தட்டிச் சென்றவர் மெல்வின் டக்ளஸ், வயது 79. அங்கேயும் பெரியவர்கள்தான்!