மேசைக் கணினித் துடைப்பும் மறுநிறுவலும்: பூன் லே வட்டார மரபை முன்வைத்து

1. வரையறையும் களமும்

மேசைக் கணினித் துடைப்பாவது, வட்டிலுள்ள அனைத்தையும் நீக்கி இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும் வினை. சிங்கப்பூர் வீவக வீடுகளின் பேச்சுவழக்கில் இது 'ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போடுவது' எனப்படும்.

இதனை ஆராய்வதற்குப் பூன் லே தகுந்த களம் என்பதற்கு மூன்று சான்றுகள் உண்டு. முதலாவது வரலாறு. வணிகர் சியூ பூன் லே இப்பகுதியில் மிளகும் காம்பியரும் பின்னர் ரப்பரும் பயிரிட்டார். தோட்டங்கள் துடைக்கப்பட்டு அடுக்குமாடிகள் நிறுவப்பட்ட பிறகும் அவர் பெயர் மட்டும் அழியவில்லை. முழுத் துடைப்பு என்பது எவ்வளவு அரிது என்பதற்கு இதுவே சான்று. இரண்டாவது மனிதவளம். 179, 199 ஆகிய பேருந்துகள் பூன் லேயிலிருந்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குச் செல்வதால், 'கம்ப்யூட்டர் படிக்கும்' அக்காள் மகன் ஒருவன் எப்போதும் கூப்பிடு தொலைவில் இருப்பான். அவன் படிப்பது கட்டடப் பொறியியலாக இருப்பதால் இவ்வாதத்துக்குப் பங்கமில்லை. மூன்றாவது போக்குவரத்து. எம்ஆர்டியில் ஏறி 15ஆம் நிலையமான பூகிசில் இறங்கிச் சற்று நடந்தால், 1987இல் திறக்கப்பட்ட, கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கம். மறந்த கேபிளை வாங்க இரண்டாம் முறை செல்வதற்கும் இதே வழிதான்.

2. காரணங்கள்

காரணங்கள் கூறப்படுவன, உள்ளன என இரு வகை. கூறப்படும் காரணம் பெரும்பாலும் வைரஸ். உள்ள காரணம், கணினி திறந்ததுமே தாமாகக் கிளம்பும் மென்பொருள்களும் நிரம்பி வழியும் வட்டும். அண்மையில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. அத்தகையவற்றில் லினக்ஸ் நிறுவலாம் என்று மருமகன் கூறுவான். அதில் தன் பிரிண்டர் ஓடுமா என்று அத்தை கேட்பார். அத்துடன் அந்த விவாதம் முடிவுறும்.

3. ஐந்தொழில்

சைவ சித்தாந்தம் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என இறைவனின் தொழில்களை ஐந்தாக வகுக்கும். கணினித் துடைப்பிலும் இவ்வைந்தும் உள்ளன, வரிசைதான் வேறு.

3.1 காத்தல். இது முதலில் நிகழ வேண்டும். "மாமா, முக்கியமான ஃபைல் ஏதாவது இருக்கா?" என்பது மரபான வினா. "ஒண்ணும் இல்லடா, எல்லாத்தையும் அடிச்சிடு" என்பது மரபான விடை. விடையின் பொய்மை மறுநாளே வெளிப்படும். திரைமுகப்பிலும் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையிலும் கிடப்பவை, உலாவி நினைவில் வைத்திருந்த கடவுச்சொற்கள், வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண் ஆகியவை வேறிடம் சேர்ந்த பிறகே அடுத்த தொழிலைத் தொடங்கலாம்.

3.2 மறைத்தல். கோப்பை நீக்கும்போது அட்டவணையில் அதன் பதிவு மட்டுமே போகிறது. உள்ளடக்கம், அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை வட்டிலேயே இருக்கும். விரைவு ஃபார்மேட்டும் அட்டவணையைப் புதுப்பிப்பதோடு நின்றுவிடுகிறது. விண்டோஸ் நிறுவல் திரையிலுள்ள ஃபார்மேட் பொத்தானும் அவ்வகையே. அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் ஆகிய ஆய்வாளர்கள் பழைய வட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129 வட்டுகளில் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன. மற்றவற்றின் உரிமையாளர்களும் 'எல்லாம் அடிச்சாச்சு' என்றே நம்பியிருக்கக்கூடும்.

3.3 அழித்தல். வட்டு முழுவதும் சுழியம் எழுதுவதே அழித்தல். விண்டோஸ் விஸ்டா தொடங்கி முழு ஃபார்மேட் இதைச் செய்கிறது. நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதும் ஒரு டெராபைட் வட்டுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் பிடிக்கும். 1996இல் பீட்டர் கட்மன் முன்வைத்த 35 சுற்று முறையைப் பின்பற்றினால் இரண்டரை நாள் கடந்துவிடும். தற்கால வட்டுகளுக்கு அது வேண்டாம் என்று கட்மனே பின்னர் எழுதியும், முப்பத்தைந்தும் வேண்டும் என்பாரைக் காப்பிக்கடைகளில் இன்றும் காணலாம். எஸ்எஸ்டி வகைக்கு இம்முறை பொருந்தாது. தேய்மானத்தைப் பரப்புவதற்காக அது எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொள்வதால், மேலெழுதுவது எல்லாக் கலங்களையும் எட்டாது. அதற்குள்ளேயே அமைந்த பாதுகாப்பு அழிப்புக் கட்டளையே அதற்கு உரியது. கணினி வீட்டிலேயே தொடர்ந்து இருக்குமானால் மறைத்தலே போதும். கைமாறுமானால் அழித்தல் கட்டாயம்.

3.4 படைத்தல். 8 ஜிபி யூஎஸ்பி ஒன்றில் நிறுவல் கோப்புகளை ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். அதற்குரிய விசை டெல், லெனோவோ கணினிகளில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9. எது என்று தெரியாதவர் மேல்வரிசை விசைகள் அனைத்தையும் மாறி மாறித் தட்டுவது தொன்றுதொட்ட வழக்கம். அடுத்து வரும் திரை இவ்வினையிலேயே ஆபத்தானது. வட்டுகளும் அவற்றின் பிரிவுகளும் அங்கே எண்களாலேயே குறிக்கப்படும். 'டிரைவ் 0' எது, 'டிரைவ் 1' எது என்று அளவைக் கொண்டு ஊகிப்பவரால் பல குடும்பத் திருமணப் படங்கள் முக்தி அடைந்துள்ளன. இவ்விடத்தில் துடைப்பின் பொது விதியை வகுக்கலாம்: மறைய வேண்டியது கிடக்கும், கிடக்க வேண்டியது மறையும்.

3.5 அருளல். நிறுவல் முடிந்ததும் இணையம் வராது. நெட்வொர்க் டிரைவர் இல்லை. டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இந்தச் சுழலை அறுப்பது மருமகனின் கைப்பேசி. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் டிஜிட்டல் உரிமம் தாய்ப்பலகையோடு பிணைந்திருப்பதால், முன்பு செயல்படுத்தப்பட்ட அதே கணினி பெரும்பாலும் தானே அருள்பெறும். அருளாளனுக்குக் காணிக்கை, பூன் லே பிளேஸ் உணவங்காடியின் நாசி லெமாக்.

4. தமிழருக்கே உரிய சிக்கல்

விண்டோஸ் 2000இல்தான் தமிழ் யூனிகோடு ஆதரவு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி எழுத்துரு, தனிக் குறியேற்றம். இவ்வேறுபாட்டைத் தீர்ப்பதற்காக 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியது. 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளைத் தந்த நா. கோவிந்தசாமி இம்முயற்சியின் முன்னோடி. அக்காலத்தில் தட்டச்சான சங்க அறிக்கைகளும் திருமண அழைப்பிதழ்களும் இன்னும் பல வீட்டுக் கணினிகளில் உள்ளன. அவற்றைப் படிக்க உதவும் எழுத்துரு விண்டோஸ் கோப்புறைக்குள் இருப்பதால், துடைப்பில் அதுவே முதற்பலி. அதன்பின் 'வணக்கம்' என்ற சொல் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தோன்றும். மாமா அதையும் வைரஸ் என்றே கூறுவார். எழுத்துருக்களைத் தனியே படியெடுப்பதும், கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதுமே தீர்வு.

5. முடிவு

துடைத்தும் வேகம் கூடாத கணினியைக் கீழ்த்தளத்தில் விட்டுச் செல்லலாகாது. 2021 ஜூலை முதல் சிங்கப்பூரில் மின்கழிவுத் திட்டம் நடப்பில் உள்ளது. புதியதைக் கொண்டுவந்து தரும் கடைக்காரர், கேட்டால் பழையதைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வேண்டும். பழைய பொருள் வாங்கும் காராங் குனிக்காரருக்கு விற்பவர் வட்டைக் கழற்றிக்கொண்டு விற்பது நலம்.

ஐந்தொழிலில் இயந்திரத்துக்கு உரியவை நான்கு. அவை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். காத்தல் ஒன்றே மனிதருக்கு உரியது. ஆகவே மருமகனை அழைப்பதற்கு முன்பாக மாமா தம் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்ப்பாராக.