கைவிடுதலியல்: பைத்தானின் பழைய பதிப்புகளை முன்வைத்து ஓர் ஆய்வு

திறமூல மென்பொருள் எப்படி எழுதப்படுகிறது, எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பது பற்றியெல்லாம் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் ‘இனி இந்தப் பழைய பைத்தானில் எங்கள் லைப்ரரி ஓடாது’ என்று ஒரு பராமரிப்பாளர் அறிவிக்கும் செயல் மட்டும் இன்றுவரை முறையான ஆய்வுக்கு உட்படாமல் கிடக்கிறது. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. இத்துறைக்குக் கைவிடுதலியல் என்று இவ்வாய்வாளர் பெயர் சூட்டுகிறார். நன்னூலின் இறுதி நூற்பாவை இந்த இடத்தில் மேற்கோள் காட்டுவார் என்று வாசகர் எதிர்பார்த்திருப்பார். அதைக் காட்டாமல் விட்டதே இக்கட்டுரையின் முதல் பங்களிப்பு.

ஆய்வு எல்லை பைத்தான் மட்டுமே. நோட், ரூபி, பிஎச்பி அன்பர்கள் பெயரை மாற்றிப் போட்டு வாசித்துக்கொள்ளலாம், துயரம் ஒன்றுதான். கருதுகோளும் எளியது: எந்தப் பதிப்பும் அதற்குக் குறித்த நாளில் சாவதில்லை.

இதற்கு முதன்மைச் சான்று 2.7. அதன் வாரிசான 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். வாரிசு பிறந்து ஒன்றரை ஆண்டு கழித்து, 2010 ஜூலையில், 2.7 பிறந்தது. வம்சாவளி வரைவோருக்கு இங்கேயே தலை சுற்றும். ஐந்தாண்டுப் பராமரிப்பு என்று கணக்குப் போட்டு 2015இல் அதற்கு விடைகொடுப்பதாக ஏற்பாடு. 2014இல் பார்த்தால் வீட்டைவிட்டு யாரும் கிளம்பியிருக்கவில்லை. ஆகவே கெடு 2020க்குத் தள்ளிப்போனது. எஞ்சிய நேரத்தை விநாடி விநாடியாகக் குறைத்துக் காட்டும் கடிகாரம் ஒன்றைக்கூட இணையத்தில் ஓடவிட்டார்கள். 2020 ஜனவரி 1 வந்தது, ஆதரவு முடிந்தது. காலமான 2.7 அதன் பிறகு, ஏப்ரல் 20 அன்று, 2.7.18 என்ற கடைசி வெளியீட்டைச் செய்தது. நிரல் ஜனவரியிலேயே உறைந்துவிட்டது, வெளியீடுதான் ஏப்ரலில் என்று விளக்கம் உண்டு. ஆனாலும் இறந்து மூன்றரை மாதம் கழித்துப் புதிய பதிப்பு வெளியிட்ட வேறெவரையும் ஆய்வாளர் அறியார்.

அதோடும் முடியவில்லை. ரெட் ஹேட் நிறுவனம் தன் லினக்ஸ் 7ஆம் பதிப்புக்குள் இருந்த 2.7ஐ 2024 ஜூன் வரை கட்டிக் காத்தது. பைபை என்ற மாற்று இயக்கியோ இன்றும் அதை விடவில்லை; விட முடியாது, பைபையைக் கட்டும் ஆர்பைத்தான் கருவியே 2.7இல் எழுதப்பட்டது. ஆகக் கருதுகோள் நிறுவப்பட்டது. முனைவர் பட்டத்துக்கு இது போதும்; கட்டுரைக்குப் போதாது.

பழையதை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டார்கள்? பழைய அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டாம், புதியதற்கு வேண்டும், அதனால்தான் இத்தனை அமளி என்று பாமரர் கருதுவர். உண்மையான சண்டை எழுத்துகளைப் பற்றியது; அதில் தமிழனுக்கு நேரடிப் பங்கு உண்டு. 2.7இல் ‘தமிழ்’ என்ற சொல்லைச் சாதாரண மேற்கோள்குறிக்குள் யூடிஎஃப்-8இல் கொடுத்து நீளம் கேட்டால் 15 என்று பதில் வரும். அது எண்ணியது பைட்டுகளை. 3இல் கேட்டால் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் 3. பதினைந்திலிருந்து ஐந்துக்கு வந்து சேர உலகம் 2008 முதல் 2020 வரை பன்னிரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. ஐந்திலிருந்து மூன்றுக்கு எப்போது என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. போதாக்குறைக்கு, கோப்பின் தலையில் குறியாக்க அறிவிப்பு வரி இல்லாவிட்டால், குறிப்புரைக்குள் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் 2.7 இலக்கணப் பிழை என்று ஓடவே மறுத்துவிடும். இத்தகைய பதிப்புக்காகக் கண்ணீர் விட்ட தமிழ் நிரலர்களும் உண்டு என்பதை மானுடவியலாளர் கவனத்துக்கு வைக்கிறோம்.

இரண்டு பதிப்பிலும் ஒரே நிரல் ஓட வேண்டும் என்பவர்களுக்காக ‘சிக்ஸ்’ என்றொரு லைப்ரரி இருந்தது. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு, அவ்வளவுதான் பெயர்க்காரணம். அதை எழுதிய பெஞ்சமின் பீட்டர்சன்தான் 2.7இன் வெளியீட்டு மேலாளரும். நோயாளியையும் ஊன்றுகோலையும் ஒருவரே பார்த்துக்கொண்டார்.

இனி மையப் பொருளுக்கு வருவோம். ஒரு பராமரிப்பாளர் பழைய பதிப்பை ஏன் கைவிடுகிறார்? வெளியீட்டுக் குறிப்பில் எப்போதும் ஒரே காரணம்தான் எழுதியிருக்கும்: பராமரிப்புச் சுமை. உள்ளே போய்ப் பார்த்தால் சுமையை விடப் பெரியது ஆசை. 3.6இல் எஃப்-ஸ்ட்ரிங் வந்தது. 3.8இல் வால்ரஸ் குறி வந்தது. அதைச் சேர்க்கலாமா கூடாதா என்று நடந்த சண்டையில் சலித்துப்போய்த்தான் 2018இல் பைத்தானைப் படைத்த கைடோ வான் ராசம் தலைமைப் பொறுப்பையே உதறினார். 3.10இல் மேட்ச் வந்தது. இவை எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தும், எங்கோ ஓர் அலுவலகத்தில் 3.5 ஓடுகிறது என்பதற்காக ஒரு மனிதர் சம்பளம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமையில், பழைய பாணியில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை நாள் எழுதுவார்?

ஆசைக்கு அடுத்தது அழிக்கும் இன்பம். ஒரு பதிப்பைக் கைவிடும் புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்து பாருங்கள்: பச்சை வரிகள் சில, சிவப்பு வரிகள் பல. ‘இந்தப் பதிப்பாக இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி’ என்ற கிளைகள் சரசரவென விழுகின்றன. பைஅப்கிரேடு போன்ற கருவிகள் இந்த அறுவடையைத் தாமே செய்து தருகின்றன. புதிய வசதி ஒன்றைச் சேர்ப்பதைப் பல வாரம் தள்ளிப்போடும் பராமரிப்பாளர் இந்த ரிக்வெஸ்ட்டை மட்டும் அன்றைக்கே மெர்ஜ் செய்வதன் உளவியல் தனி ஆய்வுக்கு உரியது.

மூன்றாவது காரணம் கட்டாயம். கிட்ஹப் தன் உபுண்டு 22.04 சோதனை இயந்திரங்களில் 3.6ஐத் தரவில்லை. சோதனை இயந்திரத்துக்குச் சமீபத்திய உபுண்டு போதும் என்று எழுதி வைத்திருந்தவர்களின் சோதனை, 22.04 அந்தச் சமீபத்தியதாக மாறிய ஒரு நாள் காலையில் சிவப்பாகிவிட்டது. அந்த வாரம் 3.6ஐக் கைவிட்டவர்கள் அனைவரும் கொள்கை முடிவு என்றே அறிவித்தார்கள்.

மனநிலையை நம்பாமல் நாள்காட்டியை நம்பலாம் என்று துணிந்தவர்கள் அறிவியல் கணிமைக்காரர்கள். அவர்களுள் நம்பை லைப்ரரியின் குழு 2019இல் ஒரு விதி வகுத்தது: ஒரு பைத்தான் பதிப்பு வெளிவந்து 42 மாதம் வரை ஆதரவு. பின்னால் அறிவியல் லைப்ரரிகளிடையே வந்த பொது உடன்பாடு அதை 36ஆகக் குறைத்தது. பைத்தானைச் செய்பவர்களோ ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்தாண்டு, அதாவது 60 மாதம் கொடுக்கிறார்கள். பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறது என்று சொல்லும் குழந்தைக்கு உறவினர் ஏற்கெனவே திதி கொடுத்துவிடுகிறார்கள்.

எப்படிக் கைவிடுவது என்பதிலும் பூசல் உண்டு. பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தையே உயர்த்த வேண்டும் என்பது ஒரு சாரார் கட்சி. ஒரு செயல்கூறுகூட மாறவில்லையே, நடு இலக்கம் போதும் என்பது மறுசாரார். ஆய்வாளர் பின்னவர் பக்கம். ஆனால் கடைசி இலக்கத்தை மட்டும் ஏற்றிவிட்டு ஒரு பதிப்பைச் சத்தமில்லாமல் வெளியேற்றுவோரை இக்கட்டுரை வன்மையாகக் கண்டிக்கிறது.

வலி குறைக்கும் மருந்து 2016 நவம்பரில் பிப் என்ற நிறுவல் கருவியின் 9ஆம் பதிப்புடன் வந்தது. எந்தப் பைத்தான் வேண்டும் என்று லைப்ரரி தன் தகவல் குறிப்பில் எழுதிவிட்டால், பழைய பைத்தான் வைத்திருப்பவருக்குப் பிப் தானாகவே பொருந்தும் பழைய வெளியீட்டை எடுத்துக் கொடுக்கும். ஐபைத்தான் 6.0 அதை நம்பித்தான் 2017 ஏப்ரலில் பைத்தான் 2ஐ முழுவதும் விட்டது. ஏற்பாடு அருமை; அதன் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. பிழை வராததால் பயனருக்குத் தாம் கைவிடப்பட்டதே தெரியாது. பல ஆண்டுக்கு முந்தைய ஓட்டைகளோடு நிம்மதியாக இருப்பார். கத்திக்கொண்டு உடையும் நிரலை ஒருவர் அன்றைக்கே திருத்துவார்.

தடை எழுப்புவோர் கூற்று: ‘எங்கள் சர்வரில் 3.6தான். மாற்ற அனுமதி இல்லை. நீங்கள் ஆதரவை எடுத்தால் நாங்கள் எங்கே போவது?’ இதற்கு விடை: எங்கும் போக வேண்டாம், இருக்கும் இடத்திலேயே இருங்கள். நேற்றுவரை ஓடிய வெளியீடு கிடங்கில் அப்படியே இருக்கிறது, யாரும் அழிக்கவில்லை. மொழியை மாற்ற அனுமதிக்காத அலுவலகம் லைப்ரரியை மட்டும் நேற்று இரவு வெளிவந்ததாகக் கேட்பதுதான் இத்துறையின் விளங்காப் புதிர். 3.6இன் ஆயுள் 2021 டிசம்பரில் முடிந்தது. ரெட் ஹேட் லினக்ஸ் 8 அதை 2029 வரை சுமக்கிறது. சந்தா வாங்கிக்கொண்டு சுமக்கிறது. பழையது வேண்டுவோர் போக வேண்டிய கதவு அது. ஞாயிற்றுக்கிழமை இலவசமாக எழுதுகிறவரின் கதவு அல்ல.

ஆகவே ஆய்வு முடிவு: நாள்காட்டிப்படி கைவிடுக, நடு இலக்கத்தில் கைவிடுக, வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிட்டுக் கைவிடுக. 3.9இன் ஆயுள் 2025 அக்டோபரில் முடிந்தது. உங்கள் திட்டத்தில் அந்த எண் இன்னும் நின்றால் அடுத்த வெளியீட்டில் எடுத்துவிடுங்கள். காரணம் கேட்பவர்களுக்குப் பராமரிப்புச் சுமை என்றே எழுதுங்கள். மேட்ச் எழுத ஆசையாக இருந்தது என்று எழுதிவிடாதீர்கள்.