டிக் துரை

பறவை பார்க்க சைப்ரஸுக்குப் போவதென்றால் ஏப்ரல்தான் தோது. எங்கள் குழுவில் வந்த இங்கிலாந்துத் துரை ஜூலையைப் பிடித்தார். காரணம் கேட்டால், "எனக்கு வேண்டியது ரெண்டே பறவை. அது ஜூலையிலும் இருக்கும்" என்றார். சைப்ரஸ் கதிர்க்குருவி, சைப்ரஸ் வீட்டியர். உலகத்தில் வேறெங்கும் குஞ்சு பொரிக்காதவை.

தீவில் எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. கடற்கரையில் மற்ற வெள்ளைக்காரர்கள் எண்ணெய் பூசி அப்பளமாகக் காய, துரை முழுக்கைச் சட்டையும் பன்னிரண்டு பாக்கெட் கால்சட்டையுமாக எங்களை லார்னகா கழிவுநீர்க் குட்டைக்கு இழுத்துப் போனார். பறவைக்காரர்களுக்கு அது புண்ணியத் தலம். (பள்ளிக்கரணையிலும் இதே கதைதானே!) அங்கே ஒரு பவளக்கால் உள்ளான், புடவைக் கரை நனையாமல் வாய்க்கால் தாண்டும் மாமி மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தது. நான் சொக்கிப்போய் நின்றேன். "அது ஸ்பெயின்லயே, 1978ல முடிஞ்சது" என்று நகர்ந்துவிட்டார். பறவை பார்க்கிறவர் இல்லை அவர், வருகைப்பதிவு எடுக்கிறவர்.

துரைசானி பூநாரைக்கு ஆசைப்பட்டு வந்தவர். பூநாரைக் கூட்டம் குளிர்காலத்தில்தான் வரும். இப்போது உப்பேரி வற்றி வெள்ளைத் தகடாகக் கிடந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" "நீ கேக்கலையே."

கதிர்க்குருவி இரண்டாம் நாளே ஒரு முட்புதரில் அரை விநாடி வாலைக் காட்டியது. டிக். வீட்டியர்தான் படுத்தியது. அதன் பாட்டு சிள்வண்டு இரைச்சல் மாதிரியே இருக்கும். அஃப்ரோடைட் கடலிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லும் பாறைக்குப் போனோம். ஊரே கடலைப் பார்த்துப் படம் எடுக்க, துரை அழகுத் தெய்வத்துக்கு முதுகைக் காட்டி, இரையும் ஒரு மரத்தை இரண்டு மணி நேரம் தொலைநோக்கியால் துழாவினார். கடைசியில் அதிலிருந்து பறந்தது அசல் சிள்வண்டு. வீட்டியர் எங்கள் வேனுக்கு நேர் மேலே கம்பியில், கறுப்பு அங்கி வக்கீல் மாதிரி உட்கார்ந்திருந்தது. வேன் கூரையில் அதன் கையெழுத்து வேறு.

அன்றிரவு பாஃபோஸ் ஹோட்டலில் எல்லோரும் பால்கனியில் இருந்தோம். தோட்டத்தில் ஒரு குட்டி ஆந்தை கூவியது. ஒரு குரல், அதை ஒட்டியே மெல்லிதாக இன்னொன்று. துரைசானியின் முகம் மலர்ந்தது. தேனிலவுக்கு இதே ஊருக்குத்தான் வந்தார்களாம். தொலைநோக்கியைத் தொடவே கூடாது என்று அவர் கட்டளை போட்டதில், ராத்திரி ஜன்னல் வழியாகக் கேட்ட இந்தக் குரல் மட்டும்தான் துரைக்குக் கிடைத்ததாம். அப்போது இது சாதாரண ஐரோப்பிய ஆந்தை. 2015ல் ஓர் ஆய்வு இதைத் தனி இனம் என்றது. பழைய நோட்டைப் புரட்டி, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே துரை கணக்கில் ஒன்றை ஏற்றிவிட்டார்.

"நம்ம ஆந்தை, கேக்குதா?" என்றார் துரைசானி.

"அதான் டிக் அடிச்சாச்சே" என்று துரை உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினார்.