எட்டு எம்.எம். பிள்ளை

போடியில் ஏலக்காய் வியாபாரியின் முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். மாதிரிக் காய் வரும். ஒன்றை எடுத்து நகத்தால் கீறுவார், மூக்கில் வைப்பார், விதையை நாக்கில் போடுவார். முகம் சுளித்தால் போச்சு, விலை இறங்கும். எட்டு எம்.எம். சல்லடையில் நிற்கிற காய்க்கு ஒரு மரியாதை, ஓட்டை வழியே விழுகிற காய்க்கு வேறு மரியாதை. ஈரம் ஏறக் கூடாது, பச்சை வெளுக்கக் கூடாது. காய் உலர்த்தும் ஸ்டோரில் ராத்திரி முழுக்க ஆள் விழித்திருந்து சூடு பார்ப்பார்.

அந்தக் காயைப் பறித்த கை, விடியற்காலையில் ஜீப் கம்பியைப் பிடிக்குமுன் இடுப்பிலிருந்து ஒரு பிள்ளையை இறக்கிவிட்டுத்தான் பிடித்தது. யாரிடம் இறக்கியது? பாட்டி இருந்தால் பாட்டியிடம். இல்லாவிட்டால் எட்டு வயது அக்காவிடம்; அன்றைக்கு அக்காவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. "தம்பியப் பாத்துக்கடி, அடுப்புப் பக்கம் விடாத." இந்தச் சரிவுகளில் அமலில் இருக்கும் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையின் முழு வாசகம் இதுதான். பால்வாடிக் கதவு திறப்பதற்குள் ஜீப் 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறைப் பக்கம் போய்விடும். தாய் கேரளத்தில், பிள்ளை தமிழ்நாட்டில். எல்லையில் சோதனைச் சாவடி போட்டு லாரியைத் துழாவுகிற இரண்டு அரசுகளும் இந்தப் பிள்ளை யார் கணக்கு என்று ஒருநாளும் சண்டை போட்டதில்லை. தண்ணீருக்கென்றால் போடுவார்கள்.

சட்டம் இல்லையா? 1951-லேயே வந்துவிட்டது. தோட்டத் தொழிலாளர் சட்டம், பிரிவு 12. 50 பெண்கள் வேலை செய்தாலோ, அவர்களுடைய பிள்ளைகள் 20 பேர் இருந்தாலோ காப்பகம் வை என்றது. வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், சுத்தம் வேண்டும், பயிற்சி பெற்ற ஒரு பெண் பார்த்துக்கொள்ள வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்குப் பிள்ளை மடுவம் என்று பேரே உண்டு. எழுதியவர்கள் நல்ல மனசுக்காரர்கள்தான். 49 வரை எண்ணிவிட்டு நிறுத்தத் தெரிந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். ஏல மலையில் பாதிக்கு மேல் சின்னத் தோட்டக்காரர்கள். எட்டுப் பேரைக் கூலிக்குக் கூப்பிடுகிறவரின் வாசலில் சட்டம் செருப்பைக்கூடக் கழற்றாது. அதற்குப் பதிலாக வந்த 2020-இன் புதிய சட்டத் தொகுப்பிலும் அந்த 50 மட்டும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆக, 50 பத்திரமாக இருக்கிறது.

மருந்துக்கு வருவோம். 2023 ஜனவரியில், சபரிமலை அரவணைப் பாயசத்தில் போட்ட ஏலக்காயில் பூச்சிமருந்து அளவுக்கு மீறி இருக்கிறது என்று கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 14 வகை மருந்து. 6 லட்சத்துக்கு மேற்பட்ட டின்களைப் பூட்டி வைத்தார்கள். பிறகு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, சரி. டின்னுக்காவது இரண்டு கோர்ட் படி ஏற ஆள் இருந்தது. சவூதிக்காரன் காயைத் திருப்பி அனுப்பினாலும் டெல்லி வரைக்கும் பதறும். மருந்து அடித்த செடிக்குள் பகலெல்லாம் நின்ற சேலையில்தான் சாயங்காலம் பிள்ளை முதலில் முகம் புதைக்கிறது. அந்தச் சேலை நைந்ததும் நாலாய் மடித்துத் தொட்டில் கட்டுகிறார்கள். தொட்டில் துணியில் எத்தனை வகை மருந்து என்று எந்த ஆய்வுக்கூடத்துக்கும் மாதிரி போகவில்லை. அரபு நாட்டுக்கு ஏற்றுமதியாகாத சரக்கை யார் சோதிப்பார்கள்?

அளக்கவில்லை என்று மட்டும் யாரும் பழி சொல்ல முடியாது. பால்வாடியில் பிள்ளையின் புஜத்தைச் சுற்றி நாடா போடுகிறார்கள், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. சல்லடையில் விழுந்த காயாவது சின்னக் காய் விலைக்குப் போகும். இந்தப் பிள்ளை பால்வாடிச் செயலியில் ஒரு சிவப்புப் புள்ளியாகப் போகும். அந்தச் செயலிக்கு இப்போது புதுசாக ஒரு ஆசை, சத்துமாவு வாங்குகிற தாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். முகம் ஒத்துப்போனால்தான் மாவு கொடுத்ததாகக் கணக்கு. முகமோ மூடுபனிக்குள் காய் எடுத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் முகம் அங்கேயே, மூக்கு ஒழுகியபடி, டீச்சரின் முட்டியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அது செல்லாது.

அதனால் வேலை முடிந்த பிறகும் டீச்சர் செல்போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார், அவருக்கும் வேறு வழியில்லை. இருட்டி, ஜீப் வந்து நிற்கிறது. "அக்கா, கொஞ்சம் இப்படி வெளிச்சத்துல நில்லுங்க." ஏலச் செடியின் பிசினும் மருந்து வாடையும் போகாத கையால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். உயிருள்ள ஆள்தானா என்று தெரிந்துகொள்ள, கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது செயலி. காலை நாலு மணிக்குத் திறந்த கண். மூடினால் மறுபடி திறக்காது என்று பயந்து அவள் விறைத்துப் பார்க்கிறாள்.

"முகம் பொருந்தவில்லை" என்கிறது போன்.