பேசாத கம்ப்யூட்டர்

லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் மாற்ற ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் நெஞ்சுரமும் போதும். முதலாவது கடையில் கிடைக்கும்.

என் டிஸ்க் டக் டக்கென்று தாளம் போட ஆரம்பித்ததும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைக் கொடுத்து உடல்நிலை விசாரித்தேன். 'பாஸ்டு' என்று வந்தது. கீழே பட்டியலில், பழுதாகி ஒதுக்கிவைத்த செக்டார்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. அது குறிப்பிட்ட எல்லையைத் தாண்டும்வரை பாஸ்தானாம். எந்த வாத்தியாரும் இவ்வளவு தாராளமாக மார்க் போட்டதில்லை.

அதே ஒரு டெராபைட்டில் புது டிஸ்க் வாங்கி மாட்டி, பென் டிரைவிலிருந்து பூட் செய்தேன். அப்படியே நகலெடுக்க டிடி என்றொரு கட்டளை. 'ஐஎஃப்' என்றால் எங்கிருந்து, 'ஓஎஃப்' என்றால் எதில். இடம் மாறிவிட்டால், காலி டிஸ்கை எடுத்துக் கல்யாண போட்டோக்கள்மேல் சிரத்தையாக எழுதி முடிக்கும். விண்டோஸ் ஒரு குப்பையை அழிக்கவே 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். லினக்ஸ் கேட்காது. ரூட் என்ற முழு அதிகாரப் பயனர் சொன்னால் சொன்னதுதான். டிஸ்குகளுக்கு அது வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களையும் நம்ப முடியாது. அடுத்த பூட்டில் அவை மாறலாம். அதனால் டார்ச் அடித்து, டிஸ்க் ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருந்த சீரியல் நம்பரைத் திரையோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் என்டரைத் தட்டினேன்.

சத்தமே இல்லை. கர்சர் மட்டும் கண் சிமிட்டியது. எவ்வளவு முடிந்தது என்று காட்டும் வசதி 2015-லேயே டிடிக்கு வந்துவிட்டது. பழக்கதோஷம், எனக்குப் பழைய வழிதான். இன்னொரு டெர்மினலில் கில் கட்டளையை அடித்தேன்.

"என்னங்க, கில்னு போடறீங்க?"

"நலம் விசாரிக்கிறேன்."

பொய்யில்லை. யூஎஸ்ஆர்1 என்ற சிக்னலை அனுப்பினால், லினக்ஸில் டிடி எழுதிய பைட் கணக்கை ஒப்பித்துவிட்டு வேலையைத் தொடரும். இதே உபசாரத்தை ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு சிஸ்டத்தில் செய்தால் டிடி நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிடும்.

நகல் முடிந்ததும், இரண்டு டிஸ்கும் ஒன்றுதானா என்று பார்க்க சிஎம்பி. வித்தியாசம் இருந்தால்தான் அது வாய் திறக்கும். வெகுநேரம் ஓடி, ஒரு வார்த்தை பேசாமல் முடிந்தது.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஐயோ!"

"ஒண்ணும் சொல்லலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்மா."

"அது கம்ப்யூட்டருக்கு. நான் பேசாம இருந்தா அப்படி நினைச்சுடாதீங்க."