ஐயா பெயர்

நியூ ஜெர்சியில் படிக்கும் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். குடும்பப் பெயரை முதலில் வைத்துக்கொண்ட முன்னோரைக் கண்டுபிடித்து எழுத வேண்டுமாம். கூடப் படிக்கும் பிள்ளையின் முன்னோர் 1620இல் மேஃபிளவர் கப்பலில் போய் இறங்கியவராம். "நம்ம ஆள் யாரு ஐயா?" என்று திருப்பத்தூருக்குப் போன் போட்டாள்.

அவளுடைய குடும்பப் பெயர் வயிரவன். அது நான்தான். அமெரிக்கா போகும்போது விண்ணப்பத்தில் கடைசிப் பெயருக்கான கட்டத்தில் மகன் என் பெயரை எழுதிவிட்டான். அந்த மூதாதை, சற்று முன்புதான் இரண்டாவது காபி கேட்டு ஆச்சியிடம் திட்டு வாங்கியிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடி?"

"சொக்கலிங்கம்."

"அது எங்க அப்பச்சி பேரு. அவருக்கு முன்னாடி?"

"வயிரவன். அவருக்கும் முன்னாடி சொக்கலிங்கம்."

"லைன் சரியில்லை ஐயா, சொன்னதே திரும்பக் கேக்குது" என்றாள்.

லைன் சரியாகத்தான் இருந்தது. நகரத்தார் வீடுகளில் தலைப்பிள்ளைக்கு ஐயா பெயரை வைப்பது வழக்கம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் தகப்பனார் முத்தையா, மகனும் முத்தையா. 1929இல் பல்கலைக்கழகமே தொடங்கியவர், பெயர் விஷயத்தில் மட்டும் புதுமைக்குப் போகவில்லை.

போதாததற்குச் சுவீகாரம் வேறு. பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்த முத்தையா, 7,000 ரூபாய்க்குக் காரைக்குடி வீட்டுக்குப் பிள்ளையாகப் போய் நாராயணன் ஆனார். பிறகு தாமாகவே கண்ணதாசன் ஆனார். வம்ச மரம் வரைகிறவர் அவரை எந்தக் கிளையில் உட்காரவைப்பார்?

எங்களுக்கு உண்மையான அடையாளம் கோயில்தான். இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது. எந்தக் கோயில் என்று கேட்டுக்கொண்டுதான் சம்பந்தம் பேசவே உட்காருவார்கள். ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள். கல்யாணமானால் கணவனும் மனைவியும் சேர்ந்து கோயிலில் ஒரு புள்ளி. மனைவி வந்தபிறகுதான் ஆண்பிள்ளை கணக்கில் ஏறுகிறான். வீட்டுக் கணக்கில் எப்போது ஏறுவான் என்பது வேறு விஷயம்.

பேத்திக்கு இதெல்லாம் பிடித்துப்போயிற்று. "அப்போ தம்பி பேரு வயிரவன்னுல்ல இருக்கணும்?" என்று கேட்டாள். இருக்க வேண்டியதுதான். மருமகள் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். பையனுக்கு ஆரவ் என்று வைத்தார்கள். நானும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு பாஸ்போர்ட் வந்தது: ஆரவ் வயிரவன். மருமகள் சம்மதிக்காததை அமெரிக்க அரசாங்கம் முத்திரை குத்தி நிறைவேற்றிக் கொடுத்துவிட்டது.