பேட்டரி போட்ட நகைக்கு எவ்வளவு செய்கூலி?

ஏலே பேராண்டி, 89,900 ரூவாய்க்கு ஆப்பிள் அல்ட்ரா கைக்கடியாரம் வாங்கப் போறியாமே! ஆச்சிகிட்ட “எண்பதாயிரத்துச் சொச்சம்”னு சொல்லியிருக்க. சொச்சத்துக்குள்ள ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்தை ஒளிச்சு வச்ச பாரு, அங்கதாம்ல நீ நம்ம குடும்பத்துப் பிள்ள.

வாங்குறதுக்கு முன்னால தாத்தாகிட்ட ஒரு வார்த்த கேளுன்னு அவ சொன்னாளாம். சரியான ஆளைத்தான் காட்டியிருக்கா. பஸ் ஸ்டாண்டு ஓரத்துல பெட்டிக்கடை போட்டு, கண்ணுல ஐகிளாஸைச் சொருவிக்கிட்டு, ஊர்க்காரன் வாட்சையெல்லாம் நோண்டுனவன் நான். பின்மூடியைக் கழத்துனதுமே இதுல மெஷின் எவ்வளவு, மினுக்கு எவ்வளவுன்னு சொல்லிருவேன். உன் வாட்சை என்னை மாதிரி ஆளு கழத்தக் கூடாதுன்னே செஞ்சு வச்சிருக்கான். அதனால உன் தங்கச்சியை போன்ல வாசிக்கச் சொல்லி, காதாலேயே கழத்திப் பாத்துட்டேன். கேட்டுக்கோ.

2015 ஏப்ரல்ல ஆப்பிள் கம்பெனி மொதமொதல்ல வாட்ச் விக்க வந்துச்சு. ஒரே வாட்ச், மூணு சட்டை. அலுமினியச் சட்டை 349 டாலர்ல ஆரம்பம். ஸ்டீல் சட்டை 549. மூணாவதுக்கு ‘எடிஷன்’னு பேரு, 18 கேரட் தங்கம், 10,000 டாலர்ல தொடங்கி 17,000 வரைக்கும். அன்னைக்கு டாலர் இருந்த இருப்புக்கு 17,000ங்கிறது பத்து லட்சம் ரூவாய்க்கு மேல. அந்த வருசம் நம்ம பக்கம் சவரன் இருபதாயிரத்தை ஒட்டித்தான் வித்துச்சு. ஆக, அம்பது சவரன் காசு! நம்ம ஊர்ல அந்தக் காசுக்கு ஒரு பிள்ளையை நகையோட கட்டிக் குடுத்து, மாப்பிள்ளைக்கு மோதிரமும் போட்டு, மிச்சத்துல சம்பந்திகூட சண்டையும் போட்டிருக்கலாம்.

அமெரிக்கப் பாட்டுக்காரி பியோன்சே தங்கச் செயினோட அதைக் கட்டிக்கிட்டு நின்ன படத்தை உன் தங்கச்சி காட்டுனா. அந்தம்மா கையில நல்லாத்தாம்ல இருக்கு. உன் கையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

சரி, உள்ள மெஷின் என்ன? 349 டாலர் வாட்சுல இருந்த அதே எஸ்1 சிப்பு. 18 மணி நேரம் நிக்கும்னு கம்பெனி சொன்ன அதே கணக்கு. பத்து லட்சம் குடுத்தவனும் ராத்திரி ஆனா அதைக் கழத்தி சார்ஜர்ல வச்சுட்டுத்தான் படுக்கணும். நேரம் அவனுக்கு ஒரு நிமிசம் கூடுதலாவும் ஓடல.

இனிதான் வேடிக்கை. 2016 செப்டம்பர்ல அந்தத் தங்கத்தை நிறுத்திட்டு, செராமிக்ல ஒரு எடிஷனை 1,249 டாலருக்குக் கொண்டாந்து வச்சான். 2018ல வாட்ச்ஓஎஸ் 5ங்கிற புது மென்பொருள் வந்தப்ப, மொத வருசத்து வாட்சுக்கு அது ஏறாதுன்னுட்டான். அலுமினியமா தங்கமான்னெல்லாம் பாக்கல. எல்லாத்துக்கும் ஒரே நாள்ல சங்கு. விக்கிறதை நிறுத்தி ஏழு வருசம் ஆச்சுன்னா அதுக்கு ரிப்பேரும் இல்ல, பாகமும் இல்லங்கிறது அந்தக் கம்பெனிச் சட்டம். 2023ல அந்தத் தங்க வாட்சும் அந்தப் பட்டியலுக்குள்ள போயிட்டு.

ஆனா ஒண்ணு, நியாயமாப் பேசணும். வாட்ச் செத்துச்சே தவிர தங்கம் சாகல. 2015க்குப் பொறவு தங்கம் நாலு மடங்குக்கு மேல ஏறிட்டு. இப்ப அதை நம்ம ஆசாரிகிட்ட கொண்டு போனா, உள்ள இருக்கிற சிப்பு, பேட்டரி, திரை அம்புட்டையும் தோண்டி ஓரமா வச்சுட்டு, கூட்டை மட்டும் தராசுல வைப்பாரு. ‘916 இல்லியே’ன்னு ஒரு பெருமூச்சும் விடுவாரு. உலகத்துலயே பெரிய மூளைக்காரனுவ கூடிச் செஞ்ச சாமானுல, பத்து வருசம் கழிச்சு விலை போறது ஆசாரிக்குத் தெரிஞ்ச அந்த ஒரு சாமான்தான்.

நகைக்கடையில செய்கூலி, சேதாரம்னு தனியா எழுதுதான்லா, அதுவாவது கண்ணுக்குத் தெரியுத கணக்கு. ஆச்சி அதுலயும் பேரம் பேசி நூறு ரூவா கொறச்சுட்டுத்தான் வருவா. இங்க எது தங்கம், எது செய்கூலி, எது ‘என்கிட்ட இருக்கு, உன்கிட்ட இல்ல’ங்கிற கூலின்னு பில்லுல பிரிச்சுப் போட மாட்டான். போட்டா மூணாவதுதான் பெரிய தொகையா இருக்கும்.

சுவிட்சர்லாந்துக்காரன் இதைவிட நேர்மையானவன். டாக் ஹூயர்னு ஒரு பழைய கடியாரக் கம்பெனி. அவனும் 2015ல இன்டெல், கூகுள் கூடச் சேந்து 1,500 டாலருக்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் போட்டான். கூடவே ஒரு வாக்கும் குடுத்தான்: ரெண்டு வருச வாரண்டி முடிஞ்சதும் இதைக் கொண்டா, இன்னொரு 1,500 டாலர் குடு, நிசமான கரேரா கடியாரமா மாத்தித் தாரேன்னு. நல்லாக் கவனிச்சியா? விக்கிறவனே வாங்குறவன் காதுல, ‘தம்பி, இது ரெண்டு வருசத்துச் சாமான், அதுக்குப் பொறவு நல்லதா ஒண்ணு வாங்கிக்கோ’ன்னு ஓதியிருக்கான். நீதான் காதுல இயர்போனை மாட்டிக்கிட்டுத் திரியுத, எங்க கேக்கும்!

நீ உடனே, “தாத்தா, ரோலெக்ஸுக்கு லட்சக்கணக்குல குடுக்காவளே, அதைக் கேக்க மாட்டீரா”ம்ப. கேப்பேன். அதுலயும் பாதி பெருமைக்கூலிதான். ஆனா அதை அம்பது வருசம் கழிச்சுக் கழத்தினாலும் உள்ள பல்சக்கரம் இருக்கும். எண்ணெய் விட்டு, தேஞ்ச பல்லை மாத்தினா ஓடும். ரோலெக்ஸ் எதுக்கு, நம்ம எச்எம்டியைப் பாரு. 1961ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியைக் கூட வச்சுக்கிட்டு பெங்களூருல கவர்மெண்டு ஆரம்பிச்சது. வாட்ச் ஃபேக்டரியையே பொறவு மூடிட்டாவ. ஆனா அவன் போட்ட ஜனதா வாட்சுக்குச் சாவி குடுத்தா இன்னைக்கும் ஊர்ல நூறு கை நேரம் பாக்கும். கம்பெனி செத்தும் கடியாரம் ஓடுது. உன் கேசுல கம்பெனி ஜம்முன்னு இருக்கு, கடியாரம்தான் சாவுது.

எலக்ட்ரானிக் சாமானுக்கு நகை விலை நிக்காதுங்கிறதை எங்க தொழில்காரன் எப்பமோ பாத்துட்டான். 1969 கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஜப்பான்ல சீக்கோ கம்பெனி ஆஸ்ட்ரான்னு ஒண்ணை விட்டான். உலகத்துல கடையில வித்த மொத குவார்ட்ஸ் கைக்கடியாரம். தங்கக்கூடு, நாலரை லட்சம் யென். அன்னைக்கு அங்க ஒரு சின்னக் கார் விலை. பத்துப் பதினஞ்சு வருசம் போச்சு, குவார்ட்ஸ் எல்லாரு கைக்கும் வந்துட்டு. 1984ல டாட்டாவும் நம்ம டிட்கோவும் சேந்து ஆரம்பிச்ச டைட்டன், ஓசூருல குவார்ட்ஸா செஞ்சு தள்ளி என் மாதிரி சாவி வாட்ச் ஆளுக பொழப்புல பாதியைத் தின்னுச்சு. இன்னைக்கு ஆடித்தபசுக் கடையில நூத்துச் சொச்சத்துக்குத் தொங்குது. கார் விலைக்கு வாங்குனவன் காருதான் வாங்கியிருக்கலாம்.

இனி வாருக்கு வா. வாட்சைவிட வாருலதாம்ல அவனுவ சாமர்த்தியம். ரப்பர் வார் ஒண்ணு 49 டாலர். ரப்பர்னா கோவிச்சுக்குவான், ஃப்ளூரோஎலாஸ்டோமராம். எண்ணெய்க்கும் சூட்டுக்கும் அசையாத சரக்கு, எஞ்சின் சீலுக்குப் போடுத வகை. நல்ல சரக்குதான், பொய் சொல்லக் கூடாது. ஆனா உன் மணிக்கட்டுல டீசல் எஞ்சினா ஓடுது?

ஸ்டீல்ல கண்ணி கண்ணியா ஒரு செயின் போட்டான் 2015ல. விலை 449 டாலர். 349 டாலர் வாட்சுக்கு 449 டாலர் செயின்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு இதைப் பாத்துட்டுத்தான் சொன்னாவளோ என்னமோ. அந்தச் செயினுல நூத்துக்கு மேல பாகம், ஒண்ணுக்குக் கண்ணி வெட்டவே ஏறத்தாழ ஒம்பது மணி நேரம்னு கம்பெனி சொல்லுச்சு. அது நிசமான செய்கூலி, நான் ஒத்துக்கிடுதேன். ஆனா கண்ணியைக் கொறைக்க ஒரு குமிழை அமுக்கினாப் போதும், கருவியே வேண்டாம்னு செஞ்சுட்டான். கண்ணி கழத்தி ஊருக்கு ஊரு பத்து ரூவா வாங்குன எங்க கூட்டத்துக்கு அவன் செஞ்ச துரோகம் அது.

அதே வருசம் அக்டோபர்ல பாரிஸ்காரன் எர்மெஸ் கூடச் சேந்து வாட்ச் விட்டான். எர்மெஸ் குதிரைச் சேணம் தைக்க ஆரம்பிச்ச வீடு. தோல் வேலையில கெட்டிக்காரன். சாதாரணத் தோல் வார் போட்ட ஸ்டீல் வாட்ச் 649 டாலர். எர்மெஸ் வார் போட்டது 1,100. உள்ள அதே எஸ்1. நடுவுல இருக்கிற 451 டாலரும் தோலுக்கும், பேருக்கும், திரையில வார எர்மெஸ் எழுத்துக்கும். குதிரைக்குச் சேணம் அழகு. குதிரை எங்கேன்னு யாரும் கேக்கல.

2023ல தோலே வேண்டாம், சுற்றுச்சூழலுக்குக் கேடுன்னு நிறுத்திட்டு, ஃபைன்வோவன்னு துணி மாதிரி ஒண்ணு கொண்டாந்தான். தோல்ல 99 டாலருக்கு வித்த காந்த வார் துணியிலயும் 99. மாட்டைக் காப்பாத்தின லாபம் மாட்டுக்கும் போகல, உனக்கும் வரல.

இவ்வளவு திட்டினாலும் வாருக்கு ஆதரவா ஒரு சாட்சி சொல்லணும். 2015ல வாங்கின வார் பெரும்பாலும் இன்னைக்கு வார வாட்சுலயும் சொருவிக்கிடும். சின்ன அளவு சின்னதுக்கு, பெரிய அளவு பெரியதுக்கு. வார் சொருவுத பள்ளத்தை மட்டும் அவன் மாத்தாம வச்சிருக்கான். ஆக, வாட்ச் நாலு சாகும், வார் ஒண்ணு நிக்கும். பகட்டுக்குக் காசு போடணும்னு உன் கை ஊறுச்சுன்னா, பொட்டிமேல போடாத, வாருமேல போடு. எப்படியும் உன் வாட்சுத் திரை அணைஞ்சுட்டா அது கருப்பு வில்லைதான்; எதிர ஒக்காந்திருக்கவன் கண்ணுக்கு வாருதான் தெரியும். நல்ல தோல் வார்னா தைக்கிறவன் உள்ளூர்லயே இருக்கான். அந்தப் பள்ளத்துக்கு ஏத்த கொக்கியும் கடையில கிடைக்கும். எர்மெஸ்னு பேரு மட்டும் இருக்காது. இங்கிலீசு எழுத்துல அதை எப்படிச் சொல்லன்னு உனக்கும் தெரியாது, போ.

விலைக்கு நியாயமே இல்லையான்னா, கொஞ்சம் இருக்கு. நீலக்கல் கண்ணாடியில லேசுல கீறல் விழாது. அலுமினிய வாட்சுல இருக்கிற கண்ணாடி அவ்வளவு தாங்காது. டைட்டானியம் ஸ்டீலைவிட லேசு. இதுக்கெல்லாம் நாலு காசு கூடக் குடுக்கலாம். 2018ல இருந்து இதயத் துடிப்பைக் கோடு போட்டுக் காட்டுது, விழுந்தா ஆளைக் கூப்பிடுது. அது உசுரு காக்குத வேலை. அதுக்கு நான் கும்பிடு போடுதேன். ஆனா அது அலுமினியச் சட்டையிலயும் இருக்கு, ஏறத்தாழ பாதி விலைக்கு. தங்கத்துல கட்டினவனுக்கு மட்டும் நெஞ்சுவலி ராசியா வராது.

நீ ஆசைப்படுத ‘அல்ட்ரா’வுக்கு வருவோம். கடல்ல 40 மீட்டர் முங்கலாமாம். நீ கடைசியா முங்கினது குற்றாலத்துல, அதுவும் முதுகைக் காட்டிக்கிட்டு. ஆபத்துன்னா 180 மீட்டர் தூரம் கேக்குத மாதிரி சைரன் ஊதுமாம். உங்க ஆச்சி சாப்பிடக் கூப்பிட்டா அதைத் தாண்டிக் கேக்கும், சார்ஜும் வேண்டாம். மலையேறுதவன், கடல்ல முங்குதவன் வாங்கட்டும். அவனுக்கு அது ஆயுதம். லிப்டுல ரெண்டாவது மாடிக்குப் போறவனுக்கு என்னத்துக்கு?

அதுக்காக 2,000 ரூவாய்க்கு விக்கிறதை வாங்கிட்டு வந்து நிக்காத. உக்காந்து விசிறிக்கிட்டாலே அதுல சிலது நாலு தெரு நடந்ததாக் கணக்கு எழுதும்.

வழி சொல்லுதேன். எந்தக் கடைக்குப் போனாலும் விலையை ஆயுசால வகுத்துப் பாரு. 89,900ஐ அஞ்சு வருசத்துக்கு வகுத்தா மாசம் 1,500 ரூவா. அந்தத் தங்க வாட்சுக்காரன், புது மென்பொருள் நின்ன நாள் வரைக்கும் மாசம் 25,000 ரூவா குடுத்திருக்கான், கூட்டுத் தங்கத்தை மட்டும் கழிச்சுக்கோ. இது விலை இல்லடே, மணிக்கட்டுக்கு வாடகை. வாடகைன்னு தெரிஞ்சே குடுத்தா ஒரு தப்பும் இல்ல. சொத்துன்னு நெனச்சுக் குடுத்தாத்தான் வயித்தெரிச்சல். மெஷினுக்கு மெஷின் விலை குடு, வாருக்கு மனசுக்குப் பிடிச்ச விலை குடு, பேருக்கு மட்டும் பேரம் பேசு.

இதையெல்லாம் கேட்டுட்டும் அந்த அல்ட்ராதான் வேணும்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. ரெண்டு வருசத்துல புது மாடல் வந்ததும் உனக்குக் கை அரிக்கும்லா, அன்னைக்கு இதை வேற யாருக்கும் குடுத்துறக் கூடாது. நாடித்துடிப்பை அப்பப்பப் பாத்துக்கோன்னு டாக்டர் சொன்னது எனக்குத்தாம்ல.